கூடம் உண்மையிலேயே கோணலானால்

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று எம்மவர் மத்தியில் ஒரு பழமொழி வழங்கி வருகின்றது. தன் குறையை மறைப்பதற்காக நிலத்தின்மேற் பழி போடுவோரை இடித்துரைக்க எழுந்த பழமொழி அது. ஆனால் ஆடத் தெரிந்த பிள்ளைகள் இருந்தும் கூடம் மெய்யாகவே கோணலாகிப் போனால் என்ன செய்வது? மன்னார் மாவட்டத்திலே, முருங்கனுக்கு அண்மையிலுள்ள ஒரு பாடசாலையின் கரப்பந்தாட்டத் தளத்திற்கு நேர்ந்திருப்பது இதுவே. அத்தளத்தைச் சீராக்குவதற்கென, இங்கே சுவிற்சர்லாந்தில் வாழும் அப்பாடசாலையின் பழைய மாணவர்கள் மூன்றாவது தடவையாகப் பணம் சேர்க்கத் தொடங்கியுள்ளனர். அப்பணம் மண்ணுக்குள் போகுமா, பிள்ளைகளுக்குப் போய்ச் சேருமா என்பதே எமது கேள்வி.

நாம் அப்பாடசாலையிற் சில ஆண்டுகள் கற்பித்தவர்கள். பல்கலைக்கழகத்தில் கலைப்பீடத்திலே புவியியலை ஒரு பாடமாகக் கற்றவர்கள். இன்று இந்நாட்டில் ஒரு கிராமத்துப் பாடசாலையின் வகுப்பறைகளை மாலை வேளைகளிற் துப்புரவு செய்பவர்கள். பொறியியல் எமது துறையன்று. ஆயினும் மண்ணைப் பற்றிப் படித்ததும், இங்கே ஒரு விளையாட்டுத் தளம் திருத்தப்பட்டதை அருகிலிருந்து பார்த்ததும் சேர்ந்து, இதனை எழுதும் துணிவை எமக்குத் தந்துள்ளன.

நாம் கற்பித்த காலத்தில் அங்கே கொங்கிறீற்றுத் தளம் இருக்கவில்லை. மாரி முடிந்ததும் பெரிய வகுப்பு மாணவர்கள் மண்வெட்டியும் தட்டுப்பலகையும் கொண்டு நிலத்தைச் சமன் செய்து, சாம்பலாற் கோடு போட்டு விளையாடுவார்கள். வைகாசி, ஆனி மாதங்களில் நிலம் வெடிக்கும். வெடிப்புக்குள் மணலைப் போட்டு மூடிவிட்டுத் தொடர்ந்து விளையாடுவார்கள். போர் முடிந்து ஊர் மீண்டும் எழுந்த பின்னர், 2014 ஆம் ஆண்டிலே சுவிஸ் வாழ் பழைய மாணவர்களின் பணத்தில் முதலாவது கொங்கிறீற்றுத் தளம் போடப்பட்டது. இரண்டு மாரிகள் தாங்கியது. மூன்றாவது மாரியில் வெடித்தது. 2019 இல் மீண்டும் பணம் அனுப்பப்பட்டது. வேலையைப் பொறுப்பேற்ற ஒப்பந்தகாரர் பழைய தளத்தின் மேலேயே பத்துச் சென்ரிமீற்றர் கனத்திற்குப் புதிய கொங்கிறீற்றை ஊற்றி, பச்சை வர்ணமும் பூசி, திறப்புவிழாவிற்கு ஆயத்தமாக்கிக் கொடுத்தார். அதுவும் வெடித்தது. பழைய வெடிப்பு எங்கெங்கே ஓடியதோ, அதே வழியில் புதிய வெடிப்பும் ஓடியது.

பாடசாலையின் அதிபர் அனுப்பிய படங்களையும் குறிப்புகளையும் நாம் ஊன்றிப் பார்த்தோம். அவற்றில் ஒரு விசித்திரம் இருந்தது. மார்கழியில் எடுத்த படத்திலே தளத்தின் ஓரங்கள் உயர்ந்தும் நடு தாழ்ந்தும் காணப்பட்டன. நடுவிலே குளம்போல் நீர் தேங்கி நின்றது. ஆவணியில் எடுத்த படத்திலோ ஓரங்கள் தாழ்ந்து, நடு முதுகுபோல் மேடாகியிருந்தது. விரல் நுழையக்கூடிய வெடிப்பு நீள வாட்டிலே ஓடியது. வெடிப்பின் ஒரு விளிம்பு மற்றையதைவிட உயர்ந்து நின்றது. அவ்விளிம்பில் இடறி விழுந்த ஒரு மாணவி கணுக்கால் முறிந்து ஒரு தவணை முழுவதும் பாடசாலைக்கு வர முடியாமற் போனதாக அதிபர் எழுதியிருந்தார். அதன் பின்னர் பெற்றோர் பலர் பெண்பிள்ளைகளை விளையாட்டுக்கு விடுவதில்லையாம். வலைக்கம்பங்களும் சரிந்துவிட்டன. பெண்கள் கரப்பந்தாட்டத்தில் வலையின் உயரம் 2.24 மீற்றர். அதன் இரு முனைகளும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும் என்பது விதி. இங்கே ஒரு முனை எப்பொழுதும் தாழ்ந்தே நிற்கிறது.

ஒரே தளம் மாரியிற் குழிவதும் கோடையிற் குவிவதும் ஏன்? விடை அந்த மண்ணிலே இருக்கின்றது.

இலங்கையின் மண் வகைகளை மூர்மன், பானபொக்க என்னும் இரு அறிஞர்கள் 1961 இல் வகைப்படுத்தினார்கள். முருங்கன், துணுக்காய்ப் பகுதிகளின் கரிய களிமண்ணுக்குக் குறுமுசோல் என்ற பெயர் வழங்குகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண்ணில் வளர்ந்தவர்களுக்கு இந்த மண்ணின் குணம் எளிதிற் பிடிபடாது. செம்மண் மழையைக் குடித்துக் கீழேயுள்ள சுண்ணக்கல்லுக்கு அனுப்பிவிடும். முருங்கன் மண் மழையைக் குடித்துத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். அதனாலேயே கட்டுக்கரைக்குளத்து நீர் பாயும் அவ்வயல்கள் நெல்லுக்குப் பேர்போனவை.

இம்மண்ணில் மொன்மொரிலோனைற் என்னும் கனியம் மிகுந்திருக்கின்றது. பிரான்சிலுள்ள மொன்மொரியோன் என்ற ஊரின் பெயரால் அழைக்கப்படும் இக்கனியம், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காகச் சேர்ந்து அமைந்தது. மழையில் நனைந்த அப்பியாசக் கொப்பியை ஆசிரியராக இருந்த எவரும் மறக்கமாட்டார்கள். நனைந்த கொப்பி எவ்வாறு தாளுக்குத் தாள் நீரை வாங்கிப் பருக்கின்றதோ, அவ்வாறே இக்களியும் தகடுகளுக்கிடையே நீரை வாங்கிப் பருக்கின்றது. காய்ந்தால் சுருங்கி வெடிக்கின்றது. வடகீழ்ப் பருவமழை ஐப்பசியிலிருந்து கொட்டுவதும், பின்னர் மாதக்கணக்கில் வெயில் காய்வதும் அவ்வூரின் இயல்பு. ஆகவே ஆண்டுதோறும் அந்நிலம் மூச்சை உள்வாங்கி வெளிவிடுவதுபோல் எழுந்து தாழ்கின்றது.

அதன்மேல் ஒரு கொங்கிறீற்றுத் தளத்தைப் போட்டால், தளத்தின் நடுப்பகுதிக்குக் கீழேயுள்ள மண்ணை வெயிலும் அண்டாது, மழையும் எளிதில் எட்டாது. அங்கே ஈரம் ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கும். ஓரத்து மண்ணுக்குத்தான் எல்லாச் சோதனையும். மழைக்கு ஓரம் வீங்கும், நடு குழிவதுபோல் தோன்றும். வெயிலுக்கு ஓரம் சுருங்கும், நடு மேடாகும். வளையும் இயல்பு கொங்கிறீற்றுக்கு இல்லை. ஆகவே வெடிக்கின்றது.

பாரத்தைக் கூட்டினால் மண் அடங்கும் என்று எண்ணுவோர் உளர். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கரப்பந்தாட்டக் களம் 18 மீற்றர் நீளமும் 9 மீற்றர் அகலமும் கொண்டது. சுற்றிவர மூன்று மீற்றர் வெளியையும் சேர்த்தால் 24 க்கு 15, அதாவது 360 சதுர மீற்றர். பத்துச் சென்ரிமீற்றர் கனத்திற் போட்ட புதிய கொங்கிறீற்றின் நிறை சுமார் 86 ரொன். கேட்பதற்கு இது பெரும் பாரம். ஆனால் பகிர்ந்து பார்த்தால் ஒரு சதுர மீற்றருக்கு 240 கிலோகிராம் மாத்திரமே. இத்தகைய களியோ வீங்கும்போது ஒரு சதுர மீற்றருக்குப் பத்து ரொன்னுக்கும் மேலான விசையோடு மேலே தள்ள வல்லது. பழைய தளத்தின்மேற் புதிய தளம் போட்ட எமது பணம், மண்ணுக்கு ஒரு போர்வையாகக்கூடப் பயன்படவில்லை.

இவ்விடத்தில் ஒரு வேடிக்கையையும் குறிப்பிட்டாக வேண்டும். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 இல் தொடங்கி 1990 இல் போரினால் நின்று போகும்வரை இயங்கியது. சீமெந்து செய்வதற்குச் சுண்ணக்கல்லும் வேண்டும், களியும் வேண்டும். சுண்ணக்கல் காங்கேசன்துறையிலேயே கிடைத்தது. களியோ முருங்கனிலிருந்து புகையிரதத்தில் வந்தது. சீமெந்துக்கு உடம்பைக் கொடுத்த அதே களிதான் இன்று சீமெந்துத் தளத்தைப் பிளக்கின்றது. சூளையில் வெந்த களி மீண்டும் வீங்காது. நிலத்திற் கிடக்கும் களி வீங்குவதை மறக்காது.

இனி, இந்நாட்டில் நாம் கண்டதைச் சொல்வோம். நாம் வேலை செய்யும் பாடசாலையின் பின்புறத்தில் ஒரு கொங்கிறீற்று விளையாட்டுத் தளம் உண்டு. அதன் ஒரு மூலை ஆண்டுக்காண்டு தாழ்ந்துகொண்டே வந்தது. 2023 ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், ஆண்டுத் துப்புரவுக்காக நாம் பகல் முழுவதும் பாடசாலையில் நின்ற வாரங்களில், அதனைத் திருத்த ஒரு குழுவினர் வந்தனர். முதல் நாளே கொங்கிறீற்று வண்டி வரும் என்று எதிர்பார்த்தோம். வரவில்லை. வந்தவர்கள் தளத்தின்மேல் தண்ணீரை விட்டார்கள். ஒரு மணி நேரம் பொறுத்து, எங்கெங்கே நீர் தேங்கி நிற்கின்றது என்று சுண்ணக்கட்டியால் வட்டமிட்டார்கள். லேசர்க் கருவி வைத்து ஒவ்வொரு மீற்றருக்கும் உயரத்தை அளந்தார்கள். இரண்டாம் நாள் தாழ்ந்த மூலையின் ஓரத்தில் ஆளளவு குழி தோண்டினார்கள். அங்கேதான் விடை கிடைத்தது. கூரையின் மழைநீரை எடுத்துச் செல்லும் நிலக்கீழ்க் குழாய் மூட்டுவிட்டுப் போய், பல ஆண்டுகளாக அந்த மூலையின் அடியிலே நீரைக் கக்கிக்கொண்டிருந்திருக்கின்றது. களி கூழாகி, நுண்மண் அரித்துச் செல்லப்பட்டு, தளத்தின்கீழ் வெற்றிடம் உண்டாகியிருந்தது.

அதன் பின்னர் ஏறத்தாழ ஒரு வாரம் குழாய் வேலையும் வடிகால் வேலையுமே நடந்தன. சல்லிக்கல் நிரப்பிய வடிகால் ஒன்று தளத்தின் ஓரமாக ஓடியது. தளத்தை உயர்த்தும் வேலை ஒரே நாளில் முடிந்துவிட்டது. கொங்கிறீற்றிலே விரலளவு துளைகள் இட்டு, அவற்றினூடாகப் பொலியூரித்தேன் என்னும் நுரைக்கும் பசையைச் செலுத்தினார்கள். பசை பொங்கி வெற்றிடத்தை நிரப்பி, தளத்தை மில்லிமீற்றர் மில்லிமீற்றராக உயர்த்தியது. ஹவுஸ்வார்ட் என்று இங்கே அழைக்கப்படும் பாடசாலைப் பராமரிப்பாளரிடம், குழாய்க்கு இத்தனை நாளும் தளத்திற்கு ஒரு நாளுமா என்று கேட்டோம். குழாயைத் திருத்தாமல் தளத்தை உயர்த்தியிருந்தால் அடுத்த ஆண்டும் இவர்களையே அழைக்க வேண்டி வந்திருக்கும் என்றார் அவர்.

சுவிற்சர்லாந்து மலைநாடு, பாறைநாடு, ஆகவே இங்கே நிலம் உறுதியானது என்று எம்மவர் பலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு. ஏரிக்கரை நகரங்கள் பல, பனியாறுகள் உருகிய பின் ஏரியடியிற் படிந்த மென்களியின்மேல் நிற்கின்றன. சூக் நகரத்தில் 1435 இல் ஏரிக்கரைத் தெருவொன்று ஏரிக்குள் இறங்கி 60 பேர் மாண்டனர். அதே நகரில் 1887 யூலை 5 ஆம் திகதி மீண்டும் கரை சரிந்து வீடுகள் பல நீருக்குள் அமிழ்ந்தன. அன்று 11 பேர் உயிரிழந்தனர். பீல் நகரத்தை அண்டி வாழும் எமது வாசகர்களுக்குச் சேலாந்தின் கரிய வயல்கள் தெரிந்தவை. 1868 இலிருந்து 1891 வரை நடைபெற்ற யூரா நீர்த்திருத்த வேலைகளினால் ஆரே ஆறு பீல் ஏரிக்குத் திருப்பப்பட்டது. சதுப்பு வடிந்தது. வடிந்த சதுப்பு காய்ந்து சுருங்கி, பல இடங்களில் நிலமட்டம் ஒரு மீற்றருக்கும் மேலாகத் தாழ்ந்துவிட்டது. பாசலுக்கு வடக்கே, ஜேர்மனியிலுள்ள ஸ்ரவுபென் என்ற பழைய நகரத்தில் நடந்தது இதற்கு எதிர்மாறு. 2007 இல் புவிவெப்பம் பெறுவதற்காக நகரசபைக் கட்டடத்தை அடுத்துத் துளையிட்டபோது, நிலத்தடி நீர் அதுவரை எட்டாத கனியப் படையை எட்டியது. அப்படை நீரை உண்டு வீங்கத் தொடங்கியது. நிலம் சில இடங்களில் அரை மீற்றருக்கும் மேலாக எழும்பி, 250 இற்கும் மேற்பட்ட கட்டடங்கள் வெடித்தன.

இவற்றையெல்லாம் அடுக்குவது அறிவைக் காட்டுவதற்காக அன்று. தாழ்ந்தாலும் எழுந்தாலும், சூக்கிலும் சேலாந்திலும் ஸ்ரவுபெனிலும் முருங்கனிலும், நிலத்தை அசைத்தது நீர்தான். சுவிஸ்காரர் மாரிக்குளிருக்கு அஞ்சி அத்திவாரத்தை ஏறத்தாழ 80 சென்ரிமீற்றர் ஆழத்திற்குக் கொண்டு செல்வதும் நீரின் காரணமாகவே. மண்ணுக்குள் இருக்கும் நீர் உறைந்து பனிக்கட்டியாகி நிலத்தைத் தூக்கிவிடும் என்ற அச்சம் அது.

ஆனால் இங்கே ஒரு வேறுபாட்டை மறந்துவிடலாகாது. நாம் வேலை செய்யும் பாடசாலையின் மண் தாழ்ந்த மண். தாழ்ந்ததற்கான காரணத்தை நிறுத்திவிட்டால், உயர்த்திய தளம் உயர்ந்தபடியே நிற்கும். முருங்கன் மண்ணோ ஆண்டுதோறும் எழுந்து தாழும் மண். அங்கே கோடையிற் தாழ்ந்த ஓரத்தை நுரை செலுத்தி உயர்த்தினால், மாரியில் மண்ணும் வீங்கி அதனை இன்னும் உயர்த்தும். அடுத்த மார்கழியில் ஓரங்கள் வரப்பாகி நடுவே வயலாகிவிடும். எமது சங்கத்தின் இளைஞர் சிலர் இந்த நுரை முறையையே ஊருக்கும் கொண்டு செல்லலாம் என்கின்றனர். நல்லெண்ணத்தில் எழுந்த யோசனை. ஆயினும் ஒருவருக்கு எழுதிய மருந்தை மற்றவருக்குக் கொடுக்கலாகாது.

முருங்கன் மண்ணைப் போன்ற மண்ணோடு வாழ்ந்து பழகியோர் உலகில் நிறைய உளர். தமிழ்நாட்டிலே கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண் இதற்குச் சகோதரம். இந்தியாவின் ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம், கரிசல் நிலத்திற்கென்றே அடியில் குமிழ்போல் விரிந்த தூண் அத்திவாரத்தை வளர்த்தெடுத்தது. மூன்றரை மீற்றர் அளவு ஆழத்தில், ஈரம் மாறாத மண்ணிலே அக்குமிழ் பிடித்து நிற்கும். மேல்மண் எழுந்தாலும் தாழ்ந்தாலும் தூண் அசையாது. பிரித்தானியாவில் 1976 ஆம் ஆண்டு வரட்சியிலே களிநிலத்து வீடுகள் பெருந்தொகையாக வெடித்தன. பிரான்சில் இயற்கை அனர்த்தங்களுக்காகக் காப்புறுதி நிறுவனங்கள் செலுத்தும் பணத்திற் பெரும்பங்கு வெள்ளத்திற்கும் இந்தக் களிச்சுருக்கத்திற்குமே போகின்றது. அமெரிக்காவின் களிநிலங்களில் ரெனிஸ் தளம் போடுவோர், கொங்கிறீற்றுக்குள் உருக்கு வடங்களை ஓடவிட்டு, அது இறுகியபின் வடங்களை இழுத்துப் பூட்டுகின்றனர். தளம் முழுவதும் ஒரே பலகையாக அசையும், துண்டு துண்டாக வெடிக்காது. அதற்கேற்ற கருவியும் கைதேர்ந்த ஆட்களும் எமது கிராமத்துக்குக் கிடைப்பது அரிது. ஆனால் அதன் பின்னாலுள்ள எண்ணம் கவனிக்கத்தக்கது. மண்ணை அசையாமல் நிறுத்த முடியாது என்று ஏற்றுக்கொண்ட பின்னரே அவர்கள் வேலையைத் தொடங்குகின்றனர்.

அண்மையில் நடைபெற்ற எமது சங்கக் கூட்டத்தில் இதனை எடுத்துச் சொன்னோம். முதலில் மண்ணைச் சோதிப்போம், அடுத்து வாய்க்கால் வெட்டுவோம், அதன் பின்னரே கொங்கிறீற்றைப் பற்றிப் பேசுவோம் என்றோம். மண்டபத்தில் அமைதி நிலவியது. நிருவாகசபையிலுள்ள ஒரு தம்பி சிரித்துக்கொண்டே கேட்டார்: "ரீச்சர், வாய்க்காலுக்கு ஆர் வந்து நாடா வெட்டுறது?" எல்லோரும் சிரித்தனர். நாமும் சிரித்தோம். ஆனால் அத்தம்பி கேட்டது வெறும் பகிடியன்று. புலம்பெயர்ந்து வாழும் நாம் ஊருக்குச் செய்யும் பல காரியங்களின் குறை அந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கின்றது. இரவு பகலாக உணவகங்களிலும் மருத்துவமனைகளிலும் உழைத்துக் கொடுத்த பணத்திற்கு ஒரு கண்கண்ட பயன் வேண்டும் என்று கொடுத்தவர் எதிர்பார்ப்பது இயல்பே. பச்சைத் தளம் படத்தில் தெரியும். நிலத்தடி வடிகால் எந்தப் படத்திலும் தெரியாது.

இன்னொரு பெரியவர், அந்த ஊர் மண்ணிலே கொங்கிறீற்றே வேண்டாம், பழையபடி மண்தளத்தில் விளையாடட்டும் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. மண்தளம் வெடித்தால் மணல் போட்டு மூடலாம், உழுது மட்டமாக்கலாம். ஆனால் மாரியில் அம்மண் சப்பாத்தைப் பிடித்திழுக்கும் சேறாகிவிடும். ஐப்பசியிலிருந்து தை வரை பிள்ளைகள் பயிற்சி செய்ய முடியாது. நகரத்துப் பாடசாலைகள் ஆண்டு முழுவதும் பயிற்சி பெற, எமது பிள்ளைகள் மாத்திரம் பாதி ஆண்டு வேடிக்கை பார்ப்பதா?

ஆகவே எமது சங்கத்திற்கும், இதனை ஒத்த வேலைகளில் இறங்கியிருக்கும் ஏனைய ஊர்ச் சங்கங்களுக்கும் சிலவற்றை முன்வைக்கின்றோம். இறுதி முடிவை மண்ணறிந்த ஒரு பொறியியலாளர் நேரிற் பார்த்தே எடுக்க வேண்டும். அவருக்குக் கொடுக்கும் கூலியை வீண்செலவென்று எண்ணலாகாது.

முதலாவது, சோதனை. அதனைப் பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியரே செய்து காட்டலாம். காய்ந்த மண்ணைப் பொடியாக்கி அரித்து, பத்துப் பத்துக் கிராமாக எடுத்து, அளவு கீறிய இரண்டு கண்ணாடிக் குழாய்களில் இட வேண்டும். ஒன்றிலே தண்ணீர், மற்றையதிலே மண்ணெண்ணெய். ஒரு நாள் கழித்துப் பார்த்தால், மண்ணெண்ணெயில் மண் வீங்காமற் கிடக்கும். தண்ணீரிலுள்ள மண் அதைவிட இருமடங்கு உயர்ந்து நின்றால், அது வெறும் கொங்கிறீற்றை ஊற்றக்கூடிய நிலமன்று. இந்திய நியமங்களிலே இடம்பெற்ற சோதனை இது. மாணவர்களுக்கு இதுவே ஒரு நல்ல பாடமுமாகும்.

இரண்டாவது, நீர். வகுப்பறைக் கூரையிலிருந்து விழும் மழைநீர் தளத்தின் அருகே வராமற் பீலி கட்டித் திருப்ப வேண்டும். தளத்தைச் சுற்றி வாய்க்கால் வேண்டும். அது தளத்தை ஒட்டி ஓடாமற் சற்று விலகி ஓட வேண்டும். தளத்தின் ஓரத்திலிருந்து ஒன்றரை மீற்றர் அகலத்திற்கு, கீழே தடித்த பொலித்தீன் விரித்த ஒரு தாழ்வாரத் தளம் அமைத்தால், மழையும் வெயிலும் பிரதான தளத்தின் ஓரத்து மண்ணைத் தீண்டுவது பெரிதும் குறையும். தளத்தின் மேல்முகம் ஒரே பக்கமாகச் சாய வேண்டும். வெளிக்களங்களில் மீற்றருக்கு 5 மில்லிமீற்றர் சாய்வைக் கரப்பந்தாட்ட விதியே அனுமதிக்கின்றது. களத்தின் ஒன்பது மீற்றர் அகலத்திற்கு நாலரைச் சென்ரிமீற்றர் போதும். விளையாடுவோருக்குத் தெரியாது, நீருக்குத் தெரியும்.

மூன்றாவது, மண். பழைய கொங்கிறீற்று இரண்டையும் உடைத்து அகற்றிவிட்டு, குறைந்தது அறுபது சென்ரிமீற்றர் ஆழத்திற்குக் களியை அகழ வேண்டும். 360 சதுர மீற்றருக்கு அது 216 கனமீற்றர் மண். அதற்குப் பதிலாகக் கிரவலைப் பதினைந்து சென்ரிமீற்றர் படைகளாகப் போட்டு, ஒவ்வொரு படையையும் உருளையால் இறுக்க வேண்டும். கிரவல் கிடைப்பது அரிதானால், அகழ்ந்த களியோடு நிறையில் நூற்றுக்கு நாலு முதல் ஆறு பங்கு சுண்ணாம்பைக் கலந்து, ஓரிரு நாள் ஆறவிட்டு, மீண்டும் இறுக்கலாம். சுண்ணாம்பு களியின் வீங்கும் குணத்தைக் குறைத்துவிடும். ஆனால் மண்ணிலே ஜிப்சம் போன்ற சல்பேற்று உப்புகள் இருப்பின், சுண்ணாம்பு சேர்ந்ததும் வேறொரு வீக்கம் தோன்றும். ஆகவே அதனையும் சோதித்தறிய வேண்டும். சுடுசுண்ணாம்பு கண்ணையும் தோலையும் எரிக்கும். சிரமதானம் என்று மாணவர்களை இவ்வேலையில் இறக்கலாகாது. வலைக்கம்பங்களுக்குத் தளத்தோடு ஒட்டாத தனி அத்திவாரம் ஆழத்திலே அமைய வேண்டும்.

நான்காவது, பராமரிப்பு. இவ்வளவு செய்தாலும் அந்நிலம் அசைவதை முற்றாக நிறுத்திவிடாது. அசைவு குறையும், அவ்வளவே. ஆகவே ஆண்டுதோறும் மாரிக்கு முன்னர் வாய்க்காலைத் துப்புரவாக்கவும், மாரிக்குப் பின்னர் மூட்டுகளிலும் வெடிப்புகளிலும் தார் நிரப்பவும், தண்ணீர் விட்டுத் தேக்கம் பார்க்கவும் ஒரு சிறு தொகை வேண்டும். சேர்க்கும் பணத்தில் ஒரு பங்கை ஊரிலுள்ள வங்கியில் நிலையான வைப்பாக இட்டு, அதன் வட்டியை இதற்கென ஒதுக்குவது நன்று. வெடிப்பின் இருபுறமும் பென்சிலாற் கோடிட்டு, திகதியும் அகலமும் ஒரு கொப்பியிற் குறித்து வைக்கும் பொறுப்பை உயர்வகுப்பு மாணவர்களிடம் கொடுக்கலாம்.

இம்முறை அனுப்பும் பணம் ஒரு தளத்தின் விலையாக இருக்கலாகாது, இருபது ஆண்டுப் பராமரிப்பின் தொடக்கமாக இருக்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோள். ஊரை விட்டு வந்தவர்களுக்கு ஒரு தடவை கொடுப்பது எளிது. ஆண்டுதோறும் நினைவு வைத்திருப்பதுதான் கடினம். எமது பிள்ளைகள் இங்கே வளர்ந்து வேறு ஊரினராகிக்கொண்டிருக்கின்றனர். இச்சங்கங்கள் இன்னும் எத்தனை ஆண்டுகள் நிலைக்கும் என்று எவராலும் அறுதியிட முடியாது. நாலாவது தடவையும் பணம் சேர்ப்பதற்கு நாம் இல்லாமற் போகலாம். ஆகையால் எம்மை எதிர்பாராது அந்தப் பாடசாலை தானே பேணிக்கொள்ளக்கூடிய ஒன்றையே கட்டிக் கொடுப்போம்.

நாடா வெட்டுவதைப் பற்றிக் கேட்ட தம்பிக்கும் ஒரு விடை உண்டு. அடுத்த மார்கழியில், ஒரு பெருமழை விட்ட ஒரு மணி நேரத்தின் பின்னர், அதிபர் அத்தளத்தைப் படம் பிடித்து அனுப்பட்டும். அதிலே தண்ணீர் தேங்கி நில்லாமல், பெண்பிள்ளைகள் வலையருகே நின்றால், அந்தப் படத்தைச் சங்கத்தின் ஆண்டு மலரில் முதற்பக்கத்திற் போடுவோம்.